ஒலீட்டா வெட்டிய நரம்பு

வெளியூர்க்காரர்கள் இதை இலையுதிர் காலம் என்கிறார்கள். எங்கள் ஹட்டராஸ் தீவில் உதிர்வதற்கு இலை எங்கே இருக்கிறது? இருக்கிற நாலு மரமும் உப்புக் காற்றில் கூன் விழுந்து, வருஷம் முழுக்கப் பச்சையாகத்தான் நிற்கும். எங்களுக்கு அந்தக் காலம் வந்துவிட்டது என்று சொல்வது இரண்டே விஷயங்கள். ஒன்று வாடைக்காற்று. இன்னொன்று, பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஒலீட்டா குயிட்லி. பிள்ளைகள் எவ்வளவு கூச்சல் போட்டாலும் அதட்டாமல், வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டுவாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய், "டிரம் மீன் வந்துடுச்சு போல" என்று அப்பாக்களிடம் சொல்லும். அப்பாக்கள் வேலை செய்யும் இடத்துக்கு ஃபோன் போட்டு, உடம்பு சரியில்லை என்பார்கள்.

டிரம் என்பது கத்தாளை மீனுக்குப் பெரியப்பா முறை. செம்பு நிற உடம்பு, வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டு, நன்றாக வளர்ந்தால் ஆளின் இடுப்பு உயரம். வாடை அடிக்கத் தொடங்கியதும் மடவை மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கும். அதைத் தின்பதற்காக டிரம்மும் அலை உடைகிற இடம் வரைக்கும் வந்துவிடும். படகு வேண்டாம், வலை வேண்டாம். நீளத் தூண்டில் கழி ஒன்றும், ரீல் நிறைய நைலான் நரம்பும், அதை ஓங்கி வீசத் தோளில் பலமும் இருந்தால் கரையில் நின்றே பிடிக்கலாம். சின்னது கிடைத்தால் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பெரியதைத் திருப்பிக் கடலில் விட்டுவிட வேண்டும், அது சட்டம். அப்படியானால் எதற்காக அந்தக் குளிரில் நிற்கிறார்கள் என்று கேட்டால், ஒலீட்டாவின் கணவன் ஹார்லனும் அதைத்தான் கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஹார்லன் தீவுக்காரன் இல்லை. கடல் எங்கள் ரோட்டைத் தின்னும், அரசாங்கம் ஆள் அனுப்பி மறுபடி போடும், கடல் மறுபடி தின்னும். அப்படி ரோடு போட வந்த ஆட்களில் ஒருவன். முடிகிற வேலையாக இருந்திருந்தால் ஊருக்குத் திரும்பியிருப்பான். முடியாத வேலையாகப் போனதால் ஒலீட்டாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். மீன் வாடையே ஆகாது. டிரம் மீனை உருளைக்கிழங்கோடு வேகவைத்து, மேலே வறுத்த பன்றிக் கொழுப்பும் அவித்த முட்டையும் பச்சை வெங்காயமும் போட்டு ஒலீட்டா தட்டில் வைத்தால், மீனை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதையெல்லாம் தின்பான். அதற்காக அவள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. அந்த மீனும் தன் தட்டுக்கே வருகிறதே என்று சந்தோஷம்தான்.

மொத்தத்தில் ஒலீட்டாவுக்குக் குறை என்று சொல்ல அதிகம் இல்லை. அறுபதைத் தாண்டியும் தோள் இன்னும் சொன்னபடி கேட்கிறது. காலையில் பஸ், மத்தியானம் மறுபடி பஸ், அதன் பிறகு இருட்டும் வரைக்கும் முனை. தீவு வளைகிற இடத்தில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் மணல் நுனியைத்தான் முனை என்கிறோம். இரண்டு பக்கத்து நீரோட்டமும் அங்கே முட்டிக்கொள்ளும். மீனுக்கு அது சந்தை, எங்களுக்கும் அதுதான் சந்தை. வாடை அடிக்கிற நாளில் அங்கே தோளோடு தோள் உரச ஆட்கள் வரிசையாக நிற்பார்கள்.

இருந்த ஒரே குறை அவளுக்கு இடது பக்கம் நின்றது. அவள் தம்பி எல்வுட்.

அதைச் சொல்வதற்கு முன்னால் முனையின் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். இது எங்கும் எழுதி வைத்ததில்லை, ஆனால் மீறியவனுக்கு மறுநாள் அங்கே யாரும் காப்பி ஊற்றமாட்டார்கள். மீன் மாட்டியவன் நின்ற இடத்திலேயே நிற்க முடியாது. அது இழுக்கிற பக்கமாகக் கரையோடு நடக்க வேண்டும். நடக்கும்போது பக்கத்து ஆட்களின் நரம்புகளைத் தாண்ட வேண்டும். "மேலே" என்று அவன் சொன்னால் அவன் நரம்பு உன் தலைக்கு மேலே போகிறது, நீ கழியோடு குனிந்துவிடு. "கீழே" என்றால் உன் கழியைத் தூக்கு, அவன் அடியில் நுழைந்து போவான். ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் வழி விட்டே ஆக வேண்டும். இரண்டு பேர் நரம்பும் பின்னிக்கொண்டால், மீன் இல்லாதவன் தன் நரம்பைத் தானே வெட்டிவிட வேண்டும். முகம் சுளிக்கக் கூடாது. வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. அவரவர் நரம்பு, அவரவர் கை.

ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம் எல்வுட்டுக்கு ஒரு மீன் மாட்டியது. அப்படி ஒரு மீனை முனையில் யாரும் பார்த்ததில்லை என்றார்கள். பார்த்ததில்லை என்பது உண்மைதான், ஏனென்றால் அன்றும் யாரும் பார்க்கவில்லை. வாலின் அகலம் மட்டும் அலைக்கு மேலே ஒருமுறை தெரிந்தது. எல்வுட் வாய்விட்டுக் கத்தினான், "என் வாழ்நாள் மீன்டா இது" என்று. வரிசை முழுக்கக் கழிகளை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தது. மீன் வலப்புறம் ஓடி ஒலீட்டாவின் நரம்போடு பின்னிக்கொண்டது. அவளுக்கு மீன் இல்லை, ஆகையால் அவள்தான் வெட்ட வேண்டும். கத்தியை எடுத்துக்கொண்டு இரண்டு நரம்பும் ஒட்டிக் கிடந்த இடத்துக்கு ஓடினாள். இரண்டும் வெய்லனின் கடையில் ஒரே உருளையிலிருந்து வாங்கியவை. வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. வெட்டினாள். அவள் கழி வளைந்தபடியே இருக்க, எல்வுட்டின் கழி நிமிர்ந்துவிட்டது.

தம்பியின் நரம்பை வெட்டிவிட்டாள். முனையில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. எல்வுட் ஒன்றும் சொல்லவில்லை. ரீலைச் சுற்றினான், கழியை வண்டியில் மாட்டினான், போய்விட்டான். அன்றிலிருந்து அக்காவோடு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

ஒலீட்டா மறுநாளே அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். அந்த வாரக் கடைசியில் ஒருமுறை, கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை, ஈஸ்டருக்கு ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், தலையை ஆட்டினான், உள்ளே போய்விட்டான். அதற்கு மேலும் கேட்டால் தனக்கு மானம் என்று ஒன்று இல்லையா என்று அவளும் விட்டுவிட்டாள். ஆனால் ஒன்று செய்தாள். அன்று முதல் முனைக்குக் கத்தி கொண்டுபோவதில்லை. தூண்டிலில் இரையாகக் கோக்கும் மடவையை வீட்டிலேயே துண்டு போட்டு, மூடி போட்ட டப்பாவில் அடுக்கி எடுத்துப் போவாள். தூண்டில் சாமான் கடை வைத்திருக்கும் வெய்லன் முனையில் அவளுக்கு வலப்பக்கத்து ஆள். டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"மீனுக்கு டிபன் கட்டிக் கொண்டாந்துட்டியா?" என்பான். "தொட்டுக்க என்ன?"

ஊர் என்றால் ஊர்தான். பிடிபடாத அந்த மீன் வருஷா வருஷம் வளர்ந்தது. முதல் வருஷம் எல்வுட்டின் மார்பளவு இருந்தது, பிறகு ஆளுயரம் ஆனது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் கண் காது மூக்கு வைத்துக் கதையைச் சொல்லிவிட்டு, "வெட்டின கை அதோ அந்தக் கைதான்" என்று ஒலீட்டாவைக் காட்டுவார்கள். அவள் டப்பாவைத் திறந்து மடவைத் துண்டை எடுத்துக்கொண்டே அவர்களுக்கு ஒரு வணக்கம் வைப்பாள். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அக்காவும் தம்பியும் இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவர்கள் அப்பா நின்ற இடம் அது. அவருக்குப் பிறகு பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள், பேச்சு நின்ற பிறகும் அப்படியே நின்றார்கள். தான் நகர்ந்தால் தோற்றதாகிவிடும் என்று இரண்டு பேருக்கும் நினைப்பு. ஆக, ஒவ்வொரு சீசனிலும் இரண்டு பேரும் முழங்கை தட்டுகிற தூரத்தில் மணிக்கணக்காக நின்றார்கள். அவனுக்கு மீன் மாட்டும்போது "மேலே" என்பான், அல்லது "கீழே" என்பான். அவளும் அப்படியே. இந்த இரண்டு வார்த்தையைத் தவிர இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது.

மற்ற இடங்களில் அதுவும் இல்லை. எல்வுட்டுக்கு ஓக்ரகோக் தீவுக்குப் போகும் ஃபெரியில் வேலை. வண்டிகளைக் கைச்சாடை காட்டித் தளத்தில் ஏற்றி நிறுத்துவான். ஒலீட்டா பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகும்போது பஸ்ஸை அவன்தான் ஏற்றியாக வேண்டும். வா, இன்னும் வா, நில் என்று கையாலேயே எல்லாம் சொல்லிவிடுவான். வேலையே அப்படி அமைந்தது அவனுக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. மற்றபடி அக்காவுக்கு எதையாவது சொல்ல வேண்டுமென்றால் ஹார்லனிடம் சொல்வான், ஹார்லன் வீட்டில் வந்து ஒப்பிப்பான்.

போன வருஷம் நவம்பரில் ஹார்லன் அப்படித்தான் ஒரு சேதியோடு வந்தான். ஒலீட்டா அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எல்வுட் கிளம்புறானாம்" என்றான். "முழங்கால் ரெண்டும் போயிடுச்சுல்ல. கிரீன்ஸ்போரோல அவன் பொண்ணு அவனுக்குன்னு ரூம் கட்டி வச்சிருக்கா. தேங்க்ஸ்கிவிங் விருந்து முடிஞ்ச கையோட போறானாம்."

"யாரு சொன்னா?"

"அவன்தான். உன்கிட்ட சொல்லச் சொன்னான்."

"ஏன், அவனுக்கு வாயில்லையா?"

"என்னை ஏன் கேக்கற? நான் வெறும் தபால்காரன்."

ஒலீட்டா உரித்த கிழங்கையே மறுபடி உரித்தாள். கிரீன்ஸ்போரோ கடலிலிருந்து வெகு தூரம். பேசாமல் பக்கத்தில் நிற்கிற தம்பியைப் பொறுத்துக்கொள்ளலாம், அவளுக்கு அது பழகிவிட்டது. அவன் தும்மினால் அது அவன் தும்மல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆனால் இப்படியே வாயை மூடிக்கொண்டு போய்விட்டால் பிறகு எங்கே பேசப் போகிறான்? பக்கத்தில் நின்று பேசாதவன் ஃபோனிலா பேசப் போகிறான்? போவதற்கு முன் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகட்டும். திட்டினாலும் சரி. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய வாரம் வாடை நல்ல வலுவாகப் பிடித்தது. மடவை கரை கறுக்கும்படி வந்தது. சனிக்கிழமை, பஸ் கிடையாது. ஒலீட்டா மத்தியானத்துக்கு முன்பே முனைக்குப் போய்விட்டாள். வரிசை நிரம்பியிருந்தது. எல்வுட் ஏற்கனவே வந்து நின்றிருந்தான். இடுப்பு வரைக்கும் ரப்பர் கால்சட்டை, தலையில் காது மூடும் தொப்பி. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காமல் கொஞ்சம் பின்னால் நின்றான். முனையில் இதுவே அவனுக்குக் கடைசி நாளாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். மீனைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுவார்கள், மனுஷனைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் காப்பி ஊற்றிக் கொடுப்பார்கள். அன்று எல்வுட்டுக்கு எல்லோரும் காப்பி கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் அவன் கழி வளைந்தது.

சும்மா வளையவில்லை. நரம்பு ரீலிலிருந்து சீறிக்கொண்டு ஓடியது, எல்வுட் இரண்டடி முன்னால் இழுபட்டான். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மீன் முதலில் நேராக ஓடியது, பிறகு வலப்பக்கம் திரும்பியது. ஒலீட்டா தன் ரீலின் கைப்பிடியைப் பிடித்தாள். நரம்பை உள்ளே சுற்றிவிட நினைத்தாள், அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

"கீழே" என்றான் எல்வுட்.

அவள் கழியைத் தூக்கினாள். அவன் அடியில் நுழைந்து இந்தப் பக்கம் வந்தான். அதோடு முடிந்திருக்கும், ஆனால் மீன் மனசு மாறி வந்த வழியே திரும்பி, அவள் நரம்பை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு ஆழத்துக்குப் போனது. அலை உடைகிற இடத்துக்கு இப்பால் இரண்டு நரம்பும் முறுக்கிக்கொண்டு ஒன்றாக நின்றன.

கேள்விப்பட்டவர்கள், பார்த்தவர்கள், வெளியூரிலிருந்து வந்து கதையை மட்டும் கேட்டவர்கள் எல்லோரும் ஒலீட்டாவின் கையைப் பார்த்தார்கள். வெய்லன் தன் கத்தியை உறையிலிருந்து எடுத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினான். அவள் வாங்கவில்லை. கழியை மணலில் நட்ட குழாயில் செருகிவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். வெய்லனே வெட்டிவிடலாம் என்றால் அதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. கழியைப் பிடித்துக்கொண்டு பின்னுக்குச் சாய்ந்து நின்ற எல்வுட்டின் முழங்கால்கள் நடுங்க ஆரம்பித்தன.

"லீட்டா" என்றான்.

அவ்வளவு காற்றிலும் அந்தப் பெயர் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது என்று வெய்லன் இன்றும் சத்தியம் செய்கிறான். சின்ன வயதில் கூப்பிட்ட பெயர். அதை வேறு யாரும் கூப்பிடுவதில்லை, ஹார்லன் உட்பட.

"வெட்டு, லீட்டா."

"மாட்டேன்டா."

"எனக்கு ரெண்டு கையும் ஒழியல. கால் வேற நிக்க மாட்டேங்குது. என் இடுப்புல கத்தி இருக்கு, எடு."

"எது என்னுதுன்னு தெரியல."

"தொட்டுப் பாரு. எது துடிக்குதோ அது என்னுது."

அவள் அவன் இடுப்பிலிருந்து கத்தியை உருவிக்கொண்டு தண்ணீரில் இறங்கித் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் துடித்தன. பின்னிக்கொண்ட நரம்பில் ஒன்று துடித்தால் இன்னொன்றும் துடிக்கத்தானே செய்யும். திரும்பி அவனிடம் அதைச் சொன்னாள்.

"அப்போ எதையாவது வெட்டு" என்றான் எல்வுட். "போனா போகட்டும்."

ஒலீட்டா வெட்டவில்லை. கரைக்குத் திரும்பி வந்தாள். நட்டு வைத்திருந்த தன் கழிக்குப் போய், அதன் நுனியிலிருந்து இறங்கும் நரம்பை விரல்களுக்கு நடுவே பிடித்தாள். இது என்னுடையது, இதில் சந்தேகமே இல்லை. ஆனால் இங்கேயே வெட்டினால் அவ்வளவு நீள நரம்பும் அவன் மீனோடு சேர்ந்து இழுபட்டுப் பாரமாகும். பிடித்த விரலை எடுக்காமல், அங்குலம் அங்குலமாக அந்த நரம்பைத் தடவிக்கொண்டே மறுபடி கடலுக்குள் நடந்தாள். அலை முகத்தில் அடித்தது, விரலை எடுக்கவில்லை. இன்னொரு அலை தொப்பியைக் கொண்டுபோனது, திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்புக்கு மேலே தண்ணீர். முடிச்சு கைக்கு எட்டுகிற இடம் வந்ததும், அதற்கு முன்னால், இன்னும் தன் விரல்களுக்கு நடுவே தனியாக இருந்த நரம்பில் கத்தியை வைத்தாள்.

வெட்டினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். பின்னாலிருந்து வரிசை முழுக்க ஒரே சத்தம் கிளம்பியது. திரும்பிப் பார்த்தபோது எல்வுட்டின் கழி வளைந்தபடியே இருந்தது.

அதன் பிறகு அந்த மீன் கரைக்கு வர ரொம்ப நேரம் பிடித்தது. எல்வுட் நடந்தான், நின்றான், ஒருமுறை மணலில் உட்கார்ந்தே விட்டான். கடைசியில் ஒரு பெரிய அலை அதைத் தூக்கிக்கொண்டுவந்து போட்டது. நல்ல மீன், பெரிய மீன், நெஞ்சளவெல்லாம் இல்லை. முனையில் வருஷத்துக்கு நாலு பேருக்குக் கிடைக்கிற மீன்தான். வெய்லன் அதன் வாயிலிருந்த தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டான்.

இப்படிக் களைத்த மீனைத் தூக்கிக் கடலில் போட்டால் பிழைக்காது. தண்ணீரில் நிற்கவைத்து, அலைக்கு எதிராக முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வாங்கி, தானாகவே திமிறிக்கொண்டு போகும். எல்வுட் தலைப்பக்கம் பிடித்துக்கொண்டான். வாலைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஒலீட்டா ஏற்கனவே நனைந்திருந்தாள், ஆகையால் அவளே போனாள். இரண்டு பேரும் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடுவே மீனை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

மீனின் செவுள் ஒருமுறை திறந்தது, ஒருமுறை மூடியது. எல்வுட் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு நீ வெட்டறதுக்கு முன்னாடியே மீன் போயிடுச்சு" என்றான்.

ஒலீட்டாவுக்கு முதலில் புரியவில்லை. எந்த மீன் என்று கேட்டாள்.

"அந்த மீன்தான். முள்ளு கழண்டுடுச்சு. நீ கத்தியை எடுக்கும்போதே நரம்பு தொய்ஞ்சு போச்சு, எனக்குக் கையில தெரிஞ்சுது. என் கழி வளைஞ்சு நின்னது உன் நரம்புல இருந்த ஈயக்குண்டு இழுத்ததால. நீ வெட்டினது வெறும் நரம்பு."

"அப்புறம் ஏன்டா?"

"எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க. வாழ்நாள் மீன்னு வேற கத்தித் தொலைச்சுட்டேன். நான்தான் விட்டேன்னு எப்படிச் சொல்றது? காலையில உன் வீட்டுக்கு வந்து சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ வந்து நின்னுக்கிட்டு மன்னிச்சுக்கோடான்னு அழற. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது? நீ ஒவ்வொரு தடவை வந்து கேக்கக் கேக்க இன்னும் கஷ்டமாப் போச்சு. உன்கிட்ட வேற எதைப் பேசினாலும் இதைப் பேசின மாதிரி ஆயிடும், அதான் பேசவே இல்ல."

"இப்ப மட்டும் ஏன் சொல்ற?"

"நீ அந்த அலையில நரம்பைத் தடவிட்டே போனியே, அதைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல."

ஒலீட்டாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மீனை விட்டுவிட்டு அவன் தலையைப் பிடித்துத் தண்ணீரில் அமுக்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். நாலு முறை அழுதது, கத்தியில்லாமல் வந்த சீசன்கள், வெய்லனின் டிபன் கிண்டல், வெளியூர்க்காரர்கள் தன் கையைப் பார்த்த பார்வை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம் இருந்தது, அதை அவளால் அடக்க முடியவில்லை. இவன் இவ்வளவு பேசிவிட்டான். ஒரு வார்த்தை போதும் என்றிருந்தவளுக்கு மூச்சுவிடாமல் பேசிவிட்டான். அவன் குரல் கொஞ்சம் கரகரப்பாகிவிட்டது என்பதை அப்போதுதான் கவனித்தாள். முகத்தில் வழிவது உப்புத் தண்ணீரா வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

வாலில் வலு வந்தது. ஒரு உதறு உதறி, இரண்டு பேர் மேலும் தண்ணீரை வாரி அடித்துவிட்டு மீன் போய்விட்டது.

"போய்ச் சொல்லு" என்றாள் ஒலீட்டா.

"யார்கிட்ட?"

கரையைக் காட்டினாள். "எல்லார்கிட்டயும். அந்தக் கடைசியில இருந்து இந்தக் கடைசி வரைக்கும். ஒருத்தரையும் விடாதே."

எல்வுட் தண்ணீரை விட்டு ஏறிப் போனான். அவள் வண்டியின் பின்கதவை இறக்கி, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். காற்றில் ஒன்றும் காதில் விழவில்லை. அவன் வரிசையின் அந்த நுனிக்குப் போய் முதல் ஆளிடம் குனிந்து ஏதோ சொல்வது தெரிந்தது. அந்த ஆள் திரும்பி அவளைப் பார்த்தான், பிறகு எல்வுட்டைப் பார்த்தான், பிறகு தொப்பியைத் தூக்கி அவளுக்கு ஒரு மரியாதை செய்தான். எல்வுட் அடுத்த ஆளிடம் போனான். ஒவ்வொருவராகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தன் எல்வுட்டின் முதுகில் ஓங்கி ஒரு குத்துவிட்டான், அது விளையாட்டுக் குத்து மாதிரித் தெரியவில்லை. வெய்லனிடம் வந்தபோது வெய்லன் சிரிக்கவில்லை. கழியை நட்டு வைத்துவிட்டு நேராக வண்டிக்கு வந்தான். சுடச்சுட இருந்த தன் காப்பியை அவளிடம் நீட்டிவிட்டுத் திரும்பிப் போனான்.

எல்வுட் எல்லோரையும் முடித்துவிட்டு நொண்டி நொண்டி வண்டிக்கு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. காது இரண்டும் சிவந்திருந்தன. பின்கதவில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரப் போனான்.

"போதுமா?" என்றான்.

ஒலீட்டா காப்பியை ஒரு வாய் குடித்தாள். அவனைப் பார்க்காமல் தூரத்தில், மணலில் இறங்குகிற பாதைப் பக்கம் பார்த்தாள். அங்கே ஒரு வண்டி நின்றிருந்தது, மணலில் புதையாமல் ஓட்டுவதற்காக இரண்டு பேர் குனிந்து டயரில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ரெண்டு பேரும் இப்பதான் வராங்க" என்றாள். "அவங்களுக்குத் தெரியாது."

எல்வுட் அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, முழங்காலைத் தேய்த்தபடி அவர்களை நோக்கி நடந்தான்.